வெள்ளத்தில் வந்த மாடு யாருக்குச் சொந்தம்?

புயல் ஓய்ந்ததும் அரசாங்கத்தார் கணக்கெடுக்கப் புறப்படுவது வழக்கம். மாண்டவர் எத்தனை பேர், இடம்பெயர்ந்தவர் எத்தனை பேர், இடிந்த வீடு எத்தனை, அழிந்த பயிர் எத்தனை ஏக்கர் என்று நிரல் நிரலாக எழுதுவர். இறந்த மாடுகளைக்கூட எண்ணுவர். இழப்பீட்டுப் படிவத்தில் அதற்கோர் இடம் உண்டு. ஆனால் கயிறு அறுந்து, பட்டி உடைந்து, வெள்ளத்தோடு வெள்ளமாக நாலு கிராமம் தாண்டிப் போய், அறியாத ஒருவர் வளவில் உயிரோடு நிற்கும் மாட்டை எண்ணுவாரில்லை. அதைத் தேடி ஊர் ஊராக அலையும் கமக்காரனை விசாரிப்பாருமில்லை. செத்த மாட்டுக்குக் கணக்கு உண்டு. உயிரோடு அலையும் மாட்டுக்குக் கணக்கில்லை என்றால், இது என்ன நிருவாகம் என்று கேட்க விரும்புகிறோம்.

உடுப்பிட்டி மக்களுக்கு நாம் இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. மேற்கே தொண்டைமானாற்றுக் கடல்நீரேரி. அதனை அடுத்து வல்லைவெளி. கோடையில் புழுதி பறக்கும் அவ்வெளி மாரியில் கடலாகிவிடும். கோடையில் மேய்ச்சலுக்குப் பழகிய மாடும் ஆடும் மாரியிலும் அத்திசையையே நாடும். மழை ஒரே இரவில் கொட்டித் தீர்க்கும்போது மேட்டில் நின்றது பிழைக்கும். தாழ்வில் நின்றது நீந்தும். கட்டையில் கட்டப்பட்டு நின்றது கட்டிய இடத்திலேயே மூழ்கும். கமக்காரன் இரவில் எழுந்து கயிற்றை அறுத்துவிட்டால் உயிர் தப்பும். ஆனால் விடிந்தபின் அது எங்கே என்பது இறைவனுக்கே வெளிச்சம்.

இது என்றோ ஒருநாள் நிகழும் அதிசயமன்று. 1964 டிசெம்பர் 22, 23ஆம் நாட்களில் தனுஷ்கோடியை அழித்த புயல் நம் வடபகுதியையும் உலுக்கிச் சென்றதை முதியோர் அறிவர். 2004 டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வடமராட்சிக் கரையோரத்தை, சிறப்பாக வடமராட்சி கிழக்கை, அள்ளிச் சென்றதை இளையோரும் அறிவர். 2022 டிசெம்பரில் 'மண்டூஸ்' புயல் தமிழகக் கரையைக் கடக்க, அதன் குளிர்காற்று வடக்கு கிழக்கு மாகாணங்களில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகளையும் ஆடுகளையும் மடியச் செய்தது. 2024 நவம்பர் இறுதியில் பெரும் மழை யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆயிரக்கணக்கான குடும்பங்களை நீரில் நிறுத்தியது. ஓராண்டு கழிந்து 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' புயல் இலங்கை முழுவதையும் தாக்கி 600க்கு மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. மாண்டும் காணாமலும் போன கால்நடைகள் ஆயிரக்கணக்கின. மாரி தோறும் வாசலில் நிற்கும் விருந்தாளிக்கு வாசல் எப்படித் திறப்பது என்று இனியும் நாம் திட்டமிடாதிருப்பது மடமையன்றோ?

2022ஆம் ஆண்டின் அழிவைச் சற்று ஆராய்வது பயன் தரும். அம்மாடுகள் வெள்ளத்தில் மூழ்கிச் சாகவில்லை. பல நாள் நனைந்த உடம்பு. எலும்பு தெரியும் மெலிவு. மறைப்பில்லா வெளியில் ஓயாத வாடைக்காற்று. உடம்பின் சூட்டைக் காக்கத் தீனி வேண்டும். தீனியில்லாத மாட்டின் உடம்பு விறைத்துச் சாய்ந்தது. காற்றைத் தடுக்கக் கிடுகு மறைப்பு ஒன்றும், காய்ந்த வைக்கோல் ஒரு கட்டும், நிற்க மேட்டுநிலம் ஒரு பரப்பும் இருந்திருந்தால் அவற்றுள் எத்தனையோ பிழைத்திருக்கும். கோடி ரூபா வேண்டிய காரியமன்று இது. முன்னரே யோசிக்கும் மூளை ஒன்றே வேண்டியிருந்தது.

ஒரு பசுவின் விலை அதன் இறைச்சியின் விலையன்று என்பதை உத்தியோக வட்டாரங்கள் உணர்வதில்லை. கணவனை இழந்த ஒரு தாய்க்கு இரண்டு கறவைப் பசுக்களே பிள்ளைகளின் பள்ளிச்செலவு. தோட்டக்காரனுக்கு அதன் எருவே புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் உரம். வேலியோரப் பூவரசங்குழையில் வளரும் மறியாடு ஏழைவீட்டின் வங்கி. ஆத்திர அவசரத்துக்கு விற்க அதுவே உண்டு. அப்பசு தொலைந்து, மூன்று மாதம் கழிந்து, ஒரு சிறு தொகை இழப்பீடாக வந்தாலும், இழந்த பாலும் ஈனவிருந்த கன்றும் அதனுள் அடங்குமோ? உயிரோடு நிற்கும் பசுவைத் தேடி உரியவளிடம் சேர்ப்பது அந்த இழப்பீட்டிலும் மலிவானது. பயனிலோ அதனிலும் பன்மடங்கு பெரியது.

'மனிதருக்கே இடமில்லாதபோது மாட்டுக்கும் நாய்க்கும் எங்கே போவது?' என்று கேட்போர் உளர். நியாயமான கேள்வியே. வள்ளத்தில் ஓரிடம் மட்டும் இருக்குமாயின் அது குழந்தைக்கே உரியது. இதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. ஆயினும் உலக அனுபவம் வேறொன்றையும் சொல்கிறது. விலங்கைக் கைவிடச் சொன்னால் மனிதரும் வெளியேற மறுக்கின்றனர். 1970 நவம்பரில் வங்காளக் கரையில் இலட்சக்கணக்கானோரைக் கொன்ற புயலுக்குப்பின், அந்நாட்டார் கண்ட உண்மை இதுவே: மாட்டை விட்டு வர மனமின்றியே பலர் புகலிடங்களுக்குச் செல்லத் தயங்குகின்றனர். ஆதலின் அங்கே மனிதரும் மாடும் சேர்ந்து ஏறி நிற்க 'கில்லா' எனப்படும் மண்மேடுகளை எழுப்பினர். 2005இல் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரை 'கத்ரீனா' புயல் மூழ்கடித்தபோது, நாயையும் பூனையையும் விட்டு வரமாட்டோம் என்று வீட்டுக்கூரையில் நின்றோர் பலர். மறுவருடம் 2006இல், அனர்த்தத் திட்டங்கள் வீட்டு விலங்குகளையும் கருத்திற் கொள்ளவேண்டும் என்று அந்நாட்டுக் காங்கிரஸ் சட்டமியற்றியது. சப்பானில் 2011இல் புக்குசிமா அணு உலை விபத்தால் மக்கள் அகற்றப்பட்ட வேளையில் தொழுவத்தில் கட்டிய மாடுகள் பட்டினியால் மாண்டன. 2013இல் அந்நாட்டுச் சுற்றாடல் அமைச்சு, வீட்டு விலங்குகளோடு சேர்ந்தே வெளியேறுவதற்கான வழிகாட்டலை வெளியிட்டது. இந்நாடுகள் மனிதனை மறந்துவிட்டு மாட்டை நினைக்கவில்லை. மனிதனைக் காப்பாற்றும் வழியில் மாடும் நாயும் நிற்கின்றன என்பதைக் கண்டுகொண்டன, அவ்வளவே.

நம் மக்களுக்கு இதைச் சொல்ல வெளிநாட்டு உதாரணம் வேண்டுமோ? 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் இரவு வலிகாமம் பெயர்ந்து வந்தது. அது இயற்கையின் செயலன்று. ஆனால் அன்று நடந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். வீட்டைப் பூட்டியதைச் சொல்வர். அதற்குமுன் மாட்டைக் கயிறவிழ்த்து விட்டதைச் சொல்வர். சிறிது தூரம் பின்னால் ஓடிவந்த நாயைச் சொல்லும்போது குரல் தழதழக்கும். வடமராட்சி அன்று அம்மக்களை வரவேற்றது. அவர்களின் கால்நடைகளுக்கு வரவேற்பு இல்லை.

இனிச் சட்டத்துக்கு வருவோம். 'வெள்ளத்தில் வந்தது, எடுத்தவனுக்குச் சொந்தம்' என்றொரு பேச்சு ஊர்களில் உலவுகிறது. இது சட்டமுமன்று, தருமமுமன்று. தேசவழமை பேசாத இடங்களில் நம்மை ஆளும் பொதுச்சட்டமாகிய உரோமன்-டச்சுச் சட்டம் கைவிட்ட பொருளையும் இழந்த பொருளையும் வேறுபடுத்துகிறது. உரிமையை விட்டொழிக்கும் எண்ணத்தோடு எறிந்ததே கைவிட்ட பொருள். ஆறாம் நூற்றாண்டில் யஸ்டினியன் சக்கரவர்த்தி தொகுப்பித்த சட்டநூல் இதற்குக் காட்டும் உதாரணம் புயல்தான். நடுக்கடலில் கப்பலின் பாரம் குறைக்க எறிந்த சரக்கு எறிந்தவனுக்கே சொந்தம்; ஏனெனில் அவன் அதை வேண்டாமென்று எறியவில்லை, உயிர் தப்ப எறிந்தான். கலைந்தோடிய வீட்டு வாத்தும் கோழியும் கண்ணுக்கு எட்டாத தூரம் போனாலும் உரியவனின் உடைமையே என்றும் அந்நூல் விதிக்கிறது. வெள்ள இரவில் கயிற்றை அறுத்துவிட்ட கமக்காரனின் நிலையும் இதுவேயன்றி வேறன்று. அவன் மாட்டைக் கைவிடவில்லை, காப்பாற்றினான்.

நமது தண்டனைச் சட்டக்கோவையின் 386ஆம் பிரிவும் இங்கே நினைக்கத்தக்கது. கண்டெடுத்த பொருளை உரியவனுக்காகக் காத்து வைப்பவன் குற்றவாளியல்லன். உரியவனைக் கண்டுபிடிக்க நியாயமான முயற்சி செய்யாமலும், அவன் வந்து கேட்கப் போதிய காலம் கொடாமலும் தன்னதாக்கிக் கொள்பவனே குற்றவாளி. மறுபுறத்தில், பிறர் ஏவாமலே பிறர் கருமத்தை நன்னோக்குடன் கவனித்தவன் அதற்காகச் செய்த தேவையான செலவை உரியவனிடம் கேட்டுப் பெறலாம் என்பதும் உரோமன்-டச்சுச் சட்டத்தின் கோட்பாடே. ஆகவே, ஒரு மாதம் தீனிபோட்டுக் காத்தவருக்கு வைக்கோலும் புண்ணாக்கும் வாங்கிய செலவைக் கொடுப்பது உரியவரின் கடன். செலவைப் பெற்றதும் மாட்டைக் கொடுப்பது காத்தவரின் கடன். இரண்டு பேரும் முகம் கோணாமல் பிரிய இதைவிட நேரான வழி ஏது?

சட்டம் தெளிவாக இருந்தும் நடைமுறை கோணலாக இருக்கக் காரணம் யாது? உரியவர் வருமுன் லொறி வந்துவிடுகிறது! வெள்ளம் வடியாமலிருக்கும்போதே, தீனிக்கு வழியில்லாதவனிடமும் தன்னதல்லாத மாட்டை வைத்துக்கொண்டு விழிப்பவனிடமும் பாதி விலைக்கு வாங்கிச் செல்லும் வியாபாரிகள் கிளம்பிவிடுகின்றனர். ஒரு முறை ஏற்றிய மாடு திரும்புவதில்லை. 2022இல் குளிரால் மடிந்த விலங்குகளின் இறைச்சி சந்தைக்குப் போய்விடுமென்ற அச்சத்தால் வடக்கு கிழக்கிலிருந்து இறைச்சி கொண்டுசெல்வதற்கு அரசாங்கம் தற்காலிகத் தடை விதித்தது. உண்பவரின் நலனுக்காக ஒரே நாளில் தடை விதிக்க முடிந்ததென்றால், உரியவரின் நலனுக்காக வெள்ளத்தின்பின் ஒரு மாதம் உயிர்மாடு ஏற்றுவதைத் தடுக்க முடியாதா?

'ஆனால் இது என் மாடுதான் என்று எப்படி நிரூபிப்பது?' என்று வழக்கறிஞர் கேட்பர். நம் முன்னோர் இக்கேள்விக்கு விடை கண்டவர்கள். குறிசுடுதல் என்பது வன்னியிலும் குடாநாட்டிலும் குடும்பந்தோறும் வழங்கிய கையெழுத்து. 1958ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க விலங்குகள் சட்டமும் குறியிடுதலை ஏற்று ஒழுங்குபடுத்தியது. சூட்டுக்கோலின் வேதனை வேண்டாமென்போர்க்குக் காதில் பூட்டும் இலக்கத் தகடு உண்டு. இன்று கைத்தொலைபேசி இல்லாத வீடில்லை; மாட்டின் முகத்தையும் இரு பக்கங்களையும், நாயின் நிறத்தையும் மறுவையும் மாரிக்கு முன்னரே படமெடுத்து வைப்பது கால்நாழிகை வேலை. இவையெல்லாம் இல்லாவிடினும் ஒரு சாட்சி உண்டு. கன்றை அவிழ்த்துவிட்டால் அது தாயைக் காட்டும். உரியவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பசு தலையைத் திருப்பும். குறுக்கு விசாரணையில் தடுமாறாத சாட்சி அது.

நாயையும் பூனையையும்பற்றிச் சிலர் ஏளனமாகப் பேசுவர். 'பால் தராத நாய்க்கு இவ்வளவு பாடா?' என்பர். எல்லாவற்றையும் இழந்து பள்ளிக்கூட மண்டபத்தில் பாயில் கிடக்கும் குழந்தைக்கு அந்த நாய் ஒன்றே எஞ்சிய வீடு. தனித்து வாழும் முதியவருக்கு, பிள்ளைகள் கனடாவிலும் இலண்டனிலும் இருக்க, பேச்சுத்துணையே அதுதான். உணர்ச்சியை விட்டுவிட்டுச் சுகாதாரத்தைப் பார்ப்போர்க்கும் பதில் உண்டு. வெள்ளத்தின்பின் சொந்தக்காரரின்றிப் பட்டினியாய் அலையும் நாய்களிடை விசர் நோய் பரவினால் அதன் பலனை நாமே அனுபவிப்போம். 2024 நவம்பர் வெள்ளத்தின்பின் டிசெம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்தில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்களைக் கொண்டதை மறந்தோமா? எலியோடு, நோயுற்ற மாட்டினதும் நாயினதும் சிறுநீர் கலந்த சேறும் அந்நோய்க்கு வழியாகும். ஆகவே, பிடிபட்ட விலங்கை மருத்துவர் பார்த்து, ஊசி போட்டு, ஓரிடத்தில் வைத்து, உரியவரிடம் சேர்ப்பது விலங்குக்கு மாத்திரம் செய்யும் உபகாரமன்று. ஊருக்குச் செய்யும் காவல். நாய்களைப் பதியும் வழக்கம் நம் உள்ளூராட்சி மன்றங்களுக்குப் புதிதன்று. அதைத் தூசு தட்டி எடுத்தால் போதும்.

மீட்கப்பட்டவை உரியவரைச் சேராமற் போவதன் கேட்டையும் 'கத்ரீனா'விலிருந்தே கற்கலாம். நல்லெண்ணம் கொண்ட தொண்டர்கள் ஆயிரக்கணக்கான நாய் பூனைகளைக் காப்பாற்றினர். ஆனால் எங்கே எடுத்தது, யார் வீட்டில் எடுத்தது என்ற குறிப்பில்லாமல் பல மாநிலங்களுக்கு அனுப்பி வளர்க்கக் கொடுத்துவிட்டனர். சிறு பகுதியே வீடு திரும்பியது. எஞ்சியவற்றுட் சிலவற்றுக்காக, இழந்தவரும் வளர்த்தவரும் நீதிமன்ற வாசலில் எதிரெதிரே நின்றனர். இரண்டு பேர் மீதும் பிழையில்லை. எழுதாமல் விட்ட ஒரு துண்டுக் கடதாசியே பிழை. காப்பாற்றும் கைக்கு அருகே எழுதும் கை ஒன்று வேண்டும் என்பதே இதன் பாடம்.

ஆதலின் நாம் முன்வைக்கும் கோரிக்கைகள் இவை. முதலாவதாக, ஒவ்வொரு கிராம அலுவலர் பிரிவிலும் வெள்ளம் ஏறாத மேட்டுநிலம் ஒன்றை ஐப்பசி பிறக்குமுன் குறித்து, கிடுகு மறைப்பும் நீர்த்தொட்டியும் அமைத்து, ஊராருக்கு அறிவித்தல் வேண்டும். இரண்டாவதாக, வைக்கோல் மலிவாயிருக்கும் அறுவடைக் காலத்திலேயே கமக்காரர் அமைப்புகளும் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கங்களும் அதை வாங்கிப் பொதுவாக அடுக்கி வைத்தல் வேண்டும். அதுவும் போதாவிடத்துப் பனையோலை நம்மிடம் உண்டு. மூன்றாவதாக, புகலிடமாகத் திறக்கப்படும் பாடசாலைகளில் வளவின் ஒரு மூலையை வீட்டு விலங்குகளுக்கு ஒதுக்குதல் வேண்டும். நான்காவதாக, கண்டெடுத்த விலங்கை மூன்று நாளுக்குள் பிரதேச சபைக்கோ கிராம அலுவலருக்கோ அறிவித்து, கண்ட இடம், நாள், குறி, நிறம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதுவித்தல் வேண்டும். அப்பதிவைச் சந்தையிலும் கோயில் வாசலிலும் பள்ளிவாசலிலும் தேவாலயத்திலும் ஒட்டுதல் வேண்டும். ஐந்தாவதாக, முப்பது நாள்வரை அவ்விலங்கை விற்கவோ அறுக்கவோ பிரதேசத்தை விட்டு ஏற்றவோ கூடாது. முப்பது நாளிலும் உரியவர் வராவிடின், உரியவர் பின்னர் வந்தால் ஒப்படைப்பதாக எழுதிக்கொடுக்கும் ஒரு குடும்பத்திடம் வளர்க்கக் கொடுக்கலாம். ஆறாவதாக, கறவைப் பசுவாயின் எவர் வளவில் நின்றாலும் அன்றன்றே பால் கறந்துவிடுதல் வேண்டும். கறவாத மடி வீங்கிப் பழுதாகும் என்பதைக் கமக்காரர்க்கு நாம் சொல்லவேண்டியதில்லை, தொண்டுக்கு வரும் நகரத்து இளைஞர்க்குச் சொல்லவேண்டும்.

இவற்றுள் எதற்குப் பாராளுமன்றத்தின் அனுமதி வேண்டும்? 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தைத் திருத்தி, மக்களோடு அவர்தம் கால்நடைகளையும் வீட்டு விலங்குகளையும் வெளியேற்றுவதைத் திட்டங்களின் கட்டாய அங்கமாக்க வேண்டுமென்பது நமது கோரிக்கைதான். ஆனால் அது வரும்வரை கைகட்டி நிற்க வேண்டியதில்லை. கால்நடை வளர்ப்பு மாகாண சபைக்குரிய விடயம். அம்மாகாண சபையின் காலமோ 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின் பல ஆண்டுகள் தேர்தலே நடைபெறவில்லை. தன் மாட்டைப்பற்றிக் கேட்கவும் தமிழனுக்குத் தன் சபை இல்லை என்ற நிலை எவர் செய்த நிலை என்பதை வாசகர் அறிவர். எனினும் 2025 மே மாதம் நாம் தெரிந்தனுப்பிய உள்ளூராட்சி உறுப்பினர்கள் உளர். பதிவேடு ஒன்றைத் திறக்கவும், மேட்டுநிலம் ஒன்றைக் குறிக்கவும், அறிவித்தல் ஒட்டவும் அவர்களுக்கு எவர் தடை? வாக்குக் கேட்டு வரும்போது படலையில் நின்ற மாட்டைத் தடவிக்கொடுத்தவர்கள், மாரி வரும்போதும் அதை நினைப்பார்களாக.

படித்த வகுப்பாருக்கும் ஒரு சொல். வழக்கறிஞர்கள் ஆண்டில் ஒருநாள் கிராமத்துக்குச் சென்று, கண்டெடுத்த பொருளின் சட்டத்தை மக்கள் மொழியில் எடுத்துரைக்கலாம். ஆசிரியர்கள் மாணவரைக் கொண்டே ஊரின் கால்நடைப் பதிவை ஒரு வாரத்தில் எழுதி முடிக்கலாம். உடுப்பிட்டியில் கல்லூரிகளுக்குக் குறைவில்லை; 1852ஆம் ஆண்டிலிருந்து எழுத்தறிவித்த ஊர் இது. மருத்துவர்கள் கால்நடை மருத்துவரோடு கூடி, சேற்றில் இறங்குவோர்க்கு நோய்த்தடுப்பு வழிகளைக் கற்பிக்கலாம்.

தமிழன் போரையும் இலக்கணப்படுத்தியவன். பிறர் ஆநிரையைக் கவர்வதற்கு வெட்சி என்றும், கவரப்பட்ட ஆநிரையை மீட்பதற்குக் கரந்தை என்றும் பூவின் பெயரால் துறை வகுத்தான். மீட்கும் போரில் மடிந்தவனுக்கு நடுகல் நாட்டி வழிபட்டான். இன்று ஆநிரையைக் கவர்வது பகை மன்னனன்று. புயலும் வெள்ளமும், அவற்றின் பின்னால் வரும் லொறியுமே. மீட்பதற்கு வாளும் வேண்டாம், வேலும் வேண்டாம். ஒரு கட்டு வைக்கோலும், ஒரு பதிவேடும், பிறன் பொருளைத் தன் பொருள்போற் பேணும் நெஞ்சும் போதும்.

அடுத்த மாரிக்கு அதிக காலமில்லை. இம்முறையேனும் நம் ஊர்கள் அதற்குமுன் விழித்துக்கொள்ளுமா?